எறும்புப் புத்தகத்தின் வருமானம்

இல்ல மேடம், விளையாடல. நாலு வருஷமா வருமானக் கணக்கு காட்டல, அபராதம் உண்டுன்னா மொத்தத்துக்கும் சேர்த்தே போடுங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? வரி ஆபீசுக்கு வந்தவ சிரிச்சுட்டே நிக்கக் கூடாதா?

சரி, சரி, மெதுவா சொல்றேன். ஆமா, படிச்சுட்டுத்தான் இருக்கேன். மேல்படிப்பு, கடைசி வருஷம். இது காலேஜ்ல சேர்ந்த புதுசுல செஞ்ச வேலை. ஒரு பதிப்பகத்துக்குப் புஸ்தகம் எழுதிக் கொடுத்தேன். எறும்பு பத்தி. எறும்புதான் மேடம், சர்க்கரை டப்பாவுல வர்றதே, அதே எறும்பு. பன்னிரண்டு அத்தியாயம். முடிச்சுட்டுப் போய் நின்னா முதலாளி கையை விரிச்சுட்டார். ரொக்கமா தர வழியில்லம்மா, வித்தா நூத்துக்கு அஞ்சு உனக்குன்னார். எறும்பை எவன் காசு கொடுத்து வாங்குவான்னு அவர் நினைப்பு. இப்ப ஆறாவது பதிப்பு ஓடுது! வருஷா வருஷம் வரி பிடிச்சது போக மிச்சத்தை அனுப்பிடறார்.

ஒப்பந்தமா? அதெல்லாம் வாய்ப்பேச்சுதான். பணத்தோட அவர் அனுப்பின இந்த நாலு சீட்டுதான் இருக்கு. கையெழுத்து இல்ல, சீல் இல்ல. அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்.

அய்யய்யோ, அந்தக் கட்டத்துல எழுதாதீங்க! இதர வருமானமா? பழைய பேப்பர் போட்டு வர்ற காசும் இதர வருமானம், நான் முதுகு ஒடிய உக்காந்து எழுதினதும் இதர வருமானமா? என்ன நியாயம் மேடம் இது? மேல பாருங்க, ஏழாவது கட்டம். நூல் எழுதியதற்கான ராயல்டி. தொகை மாறாதுன்னு தெரியும். எனக்குக் கட்டம்தான் முக்கியம்.

தாராளமா சரிபாருங்க. கம்ப்யூட்டர்ல தேடுங்க.

வருதா? நாலு வருஷமும் வருதா? அவர் வரி பிடிக்கும்போதெல்லாம் என் பேர்லதான் கட்டியிருக்காரா? குறிப்புல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் சத்தமா படிங்களேன். எறும்பு நூல், எழுதியவருக்கு ராயல்டி. இன்னொரு தடவை படிங்க மேடம், ப்ளீஸ்! பின்னாடி நிக்கற ஐயா கோச்சுக்க மாட்டார்.

அபராதமும் இல்லையா? பிடிச்சதையே திருப்பித் தருவீங்களா? அது எப்ப வேணா வரட்டும். இந்தப் பக்கத்தை அச்செடுத்து, உண்மை நகல்னு ஒரு முத்திரை குத்திக் கொடுங்க. இன்னிக்கே. மூணு மணிக்குள்ள.

என் பேர் அட்டையில இல்லதான். பொடிப்பொண்ணு எழுதினதுன்னா விக்காதுன்னு ஒரு பேராசிரியர் பேரைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டாங்க. எழுதினது யாருன்னு அவருக்கே தெரியாது. நான்தான் எழுதினேன்னு வந்து சொல்லுங்கன்னு முதலாளியைக் கேட்டா, என்னை மாட்டிவிடாதேம்மான்னு போனை வெச்சுட்டார்.

அவசரமா? அதொண்ணுமில்ல மேடம், மூணு மணிக்கு ஒரு விசாரணை. அந்தப் பேராசிரியர்தான் எங்க துறைத் தலைவர். என் ஆய்வேட்டுல எட்டுப் பக்கம் அவர் எறும்புப் புஸ்தகத்துலேர்ந்து திருடினதாம், பட்டம் கிடையாதாம். சிவப்பு மையில வரிவரியா கோடு போட்டு, ஓரத்துல, இது என் நடைன்னு வேற எழுதியிருக்கார்.