பெட்டி சொன்ன கலோரி

கல்முனை சூப்பர் மார்க்கெட்டில் காசு கட்டும் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண், குளிரூட்டியிலிருந்து எடுத்த புரியாணிப் பெட்டியைத் தன் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நானூறு கலோரியாம். முழுப் பொய், புள்ள.”

“எப்பிடித் தெரியும், ராத்தா?”

“கிளினிக் மிஸ் சொன்ன மாதிரி திங்கிறதையெல்லாம் கொப்பியில எழுதுறன். இதுல ஒரு பெட்டிய நானும் உன்ட மச்சானும் பாதி பாதி. எனக்கு இருநூறுதானே? அப்ப எப்பிடி மூணு கிலோ கூடின?”

“வேற வேற கோப்பையிலயா திங்கிறீங்க?”

“இல்ல, ஒரே பெரிய சஹன் தட்டுலதான். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அப்பிடித்தான்.”

“அப்ப கோழித்துண்ட ஆரு திங்கிற?”

ராத்தா பெட்டியில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அவரு என்ட பக்கம் தள்ளிவிடுவாரு.”

“முட்டைய?”

“அதையும்தான்.”

“சோத்த?”

“கடைசியில எனக்குப் போதும் எண்டு எழும்பிருவாரு.”

தங்கை சிரித்த சிரிப்பில் காசாளர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“பெட்டி உண்மையத்தான் சொல்லுது, ராத்தா. இனித் தள்ள வேணாம் எண்டு மச்சானுக்கிட்டச் சொல்லுங்க. நாளைக்கு கிளினிக் வேற இரிக்கி.”

“சும்மா இரி புள்ள. அவருக்கிட்ட ஒண்டும் கதைக்கப்படாது.” ராத்தா பெட்டியை மேசையில் வைத்தார். “மிஸ்ஸுக்கிட்ட, பெட்டியில பொய் எழுதியிரிக்கானுகள் எண்டு சொல்லிருவன்.”