மழை நாளில் ஒரு பலூன் பாடம்

அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் எஹலியகொடையில் சொந்தமாக இரண்டு கடை போட்டவன். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் என் காதுக்குத் தப்பாது. இரத்தினபுரி பஸ்ஸில் மழைக்கு ஜன்னல்களை எல்லாம் மூடியிருந்தார்கள். முன் சீட்டில் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பக்கத்தில் இருந்த டீச்சரிடம் கேட்டாள்.

“கிளாஸ்ல எம் மகளுக்குத் தலமயிரு நட்டுக்கிட்டு நின்னுச்சாமே, டீச்சர்?”

“பலூனத் தலையில தேய்ச்சா எழும்புங்கக்கா. நிலைமின்சாரம். அது விஞ்ஞானப் பாடந்தான்.”

“அத வீட்டுக்கு வந்து அவங்கப்பாகிட்ட சொல்லுங்க. பேய் புடிச்சிருச்சு, இனி ஸ்கூலுக்கே அனுப்பமாட்டேன்னு நிக்கிறாரு. பேயோட்டக் கோடாங்கிக்கும் சொல்லி விட்டுட்டாரு.”

“ஆனா அன்னிக்கும் இப்படித்தான் மழ. ஈரத்துல நிலைமின்சாரம் வராது; மத்த புள்ளைங்க யாருக்குமே எழும்பல.”

“எம் மகளுக்கு மட்டும் எப்படி?”

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். நான் முன்னால் சாய்ந்தேன்.

“அவ முறை வர்றதுக்குள்ள பலூன் வெடிச்சிருச்சுங்கக்கா. அவ கிட்ட வந்து நிக்கிறப்ப எங் கையில ஒன்னுமே இல்ல.”

அந்தத் தாய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பலூன் இருந்துச்சுன்னே சொல்லுங்க, டீச்சர். புள்ள படிக்கணும்.”