ஐனோ சின்யோராவின் மத்தியானச் சாப்பாடு

— மிளகு போடாதை பிள்ளை. காரமெண்டு சின்யோரா அம்மா துப்பிப்போடுவா.

— முழு மிளகு நாலே நாலு, குகனேஸ்வரி அக்கா. அவங்க ஊர்ல அப்படித்தான். பின்லாந்துல படிச்ச ரெண்டு வருஷமும் இந்த மீன் சூப்பைக் குடிச்சுத்தான் குளிரைத் தாண்டினேன்.

— நீ சொன்னாச் சரி, வித்யா. இப்ப அவவின்ரை மகன் வந்திடுவார்.

— டாக்டரும் கூட வர்றாரா?

— ஓம். இண்டைக்கும் சாப்பிடாட்டி கிளினிக்கிலை கொண்டுபோய் மூக்குக்குள்ளாலை குழாய் விடப்போகினமாம். முந்தி நான் வேலைக்கு நிண்ட வீட்டிலை கிழவரை அப்பிடித்தான் கொண்டுபோனவை. ஆள் திரும்பி வரேல்லை.

— அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. கிழங்கு வெந்துருச்சு, பாலை ஊத்துங்க. கொதிக்க விட்றாதீங்க, திரிஞ்சிரும்.

— மீனுக்குள்ளை பாலோ! பல்லரோச் சந்தையிலை நீ சால்மன் மீன் வாங்கேக்கை, பொரிக்கப் போறாய் எண்டெல்லோ நினைச்சன்.

— அங்க எல்லா வீட்லயும் இதுதான். மேல தூவுற இலைதான் கிடைக்கல. அதுக்குப் பதிலா இந்தக் காட்டுச் சோம்பு இலை. வாசம் கிட்டத்தட்ட வரும். என்னதான் ஆச்சு அக்கா அவங்களுக்கு? நல்லாத்தானே இருந்தாங்க?

— நல்லாத்தான் இருந்தவ. இஞ்சை கலியாணம் முடிச்சு வந்து எத்தினை வருசம்! பலேர்மோச் சனத்தைவிட வடிவா இத்தாலியன் கதைப்பா. போன கிழமை காய்ச்சல். எழும்பினாப் பிறகு எல்லாம் மறந்துபோச்சு. தன்ரை பாஷை மட்டும்தான். என்னையும் ஆரெண்டு தெரியேல்லை. சிரிக்கிறா, கையைப் பிடிக்கிறா, சாப்பாட்டை வைச்சாத் தள்ளிப்போடுறா.

— மகன் என்ன சொல்றாரு?

— "நீங்கள் தனியத்தானே அவவோடை இருக்கிறனீங்கள்" எண்டார். நான்தான் ஏதோ செய்துபோட்டன் எண்ட மாதிரி. அது காணாதே எனக்கு?

— விடுங்க. சாப்பாட்டை எங்க வைப்பீங்க?

— முன்னறை மேசையிலை. நான் பக்கத்திலை நிப்பன். வேலைக்காரர் குசினியிலைதான் சாப்பிட வேணுமெண்டு மகன்ரை கட்டளை.

— வாங்க போலாம். நான் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கிறேன். ஒரு கிளாஸ் பாலும்.

— பாத்து வா, சூடு. சின்யோரா, இஞ்சை பாருங்கோ, உங்கடை ஊர்ச் சாப்பாடு. வித்யா, மணந்து பாக்கிறா!

— கண்ணு கலங்குது பாருங்க. ஏதோ சொல்றாங்க.

— ஓட்டகா.

— பாத்தியே, தள்ளுறா! கடவுளே, இதையும் தள்ளுறா. இனி நான் என்ன செய்ய?

— ஓட்டகா, ஓட்டகா.

— அக்கா, ஒரு நிமிஷம். இதையேதான் சொல்லிட்டு இருக்காங்களா?

— வியாழக்கிழமையிலையிருந்து இதுதான். வேண்டாம், வேண்டாமெண்டு. பிறகு என்னைப் பாத்து ஹெல்சிங்கி எண்டுவா. ஊருக்குப் போகக் கேக்கிறா போல.

— வேண்டாம்னு சொல்லலக்கா. "எடுத்துக்கோங்க"ன்னு சொல்றாங்க.

— ஆரை?

— உங்களத்தான். கிண்ணத்தை எந்தப் பக்கமா தள்ளியிருக்காங்க பாருங்க. நீங்க ஹெல்சிங்கிலேருந்து அவங்க வீட்டுக்கு வந்த விருந்தாளின்னு நினைக்கிறாங்க. விருந்தாளி எடுக்காம வீட்டுக்காரங்க கரண்டியைத் தொடமாட்டாங்க. ஒரு கிராமத்து வீட்ல நான் கூச்சப்பட்டு உக்காந்திருந்தேன்க்கா. காப்பி ஆறியே போச்சு, ஒருத்தரும் தொடல.

— அப்ப, நான் சும்மா நிண்டபடியாலோ இந்த மனுசி பட்டினி கிடந்தது?

— உக்காருங்க.

— இந்த மேசையிலையோ? மகன் வந்தாரெண்டால்...

— உக்காருங்கக்கா. உங்களுக்கும் ஒரு கிண்ணம் ஊத்திட்டேன். இந்தாங்க, கரண்டி. முதல் வாய் நீங்க.

— ஓம் சின்யோரா, எடுக்கிறன். பாருங்கோ, சாப்பிடுறன். வித்யா, ஒண்டும் கதைக்கிறா இல்லை. கோவமோ?

— சாப்பிடறப்ப அவங்க பேசமாட்டாங்க. நீங்களும் பேசாதீங்க.

— கரண்டியை எடுத்திட்டா.

— ம்.

— விழுங்கிறா, பிள்ளை. விழுங்கிறா!

— பாத்துட்டேன். நிறுத்தாதீங்க.

— ஐயோ, மணி அடிக்குது! அவர்தான். என்ரை கோப்பையை எடு, கெதியா எடு, நான் எழும்பிறன்...

— அக்கா, அவங்க கரண்டியை வச்சிட்டாங்க.

— இல்லை, இல்லை சின்யோரா. நான் எங்கையும் போகேல்லை. இருக்கிறன். நல்ல ருசி. வித்யா...

— திரும்பவும் அடிக்கிறாரு அக்கா.

— கதவை நீ போய்த் திற. நான் சின்யோராவோடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு அவரிட்டைச் சொல்லு.