இம்கேயின் தடுப்பூசிப் புத்தகம்

என் பெயர் வீப்கே டாமென். வயது 36. கணவர் பெயர் ஓன்னோ டாமென். ஜெர்மனி, லேர் நகரம், படகுத்துறைத் தெரு, 14ஆம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். குழந்தை மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை செய்கிறேன். என் நாத்தனார் கெசீனா கொடுத்த திருட்டுப் புகாரின் பேரில் இதைக் கூறுகிறேன்.

கெசீனா தன் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். கடந்த மார்ச் 9ஆம் தேதி தன் நான்கு வயது மகள் இம்கேயை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவளுக்கு இருமல் இருந்தது, கண்கள் சிவந்திருந்தன. தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"ரெண்டு டோஸும் போட்டாச்சு அண்ணி. டாக்டர்கிட்ட வேலை பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே வியாதியாத் தெரியுது" என்று சிரித்தார்.

அதன்பின் இம்கே, ஊசி போடும் வயது வராத என் ஏழு மாத மகள் ஃபென்யாவை மடியில் வைத்துக் கொஞ்சினாள். இம்கேவுக்கு வந்திருந்தது தட்டம்மை என்று மூன்று நாளில் தெரிந்தது. ஊசி போட்டும் வந்துவிட்டது என்றார் கெசீனா. பன்னிரண்டாம் நாள் ஃபென்யாவுக்கும் கண்டது, அதன்பின் மூளைக்காய்ச்சல் ஆனது, பதினெட்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம். இப்போது அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

ஜூன் மாதம் கெசீனாவின் சமையலறை இழுப்பறையிலிருந்து இம்கேயின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்தேன். எடுத்தது நான்தான். அதில் இருந்த முத்திரை நான் முன்பு வேலை செய்த மருத்துவருடையது. ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதிக்கு ஓராண்டு முன்பே அவர் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

"நம்ம வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம், அவ என் தங்கச்சி" என்றார் புத்தகத்தைப் பார்த்த ஓன்னோ. நான் அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14ஆம் தேதி காப்பகத்தின் புதிய அறைத் திறப்புக்குப் பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். கெசீனா தேநீர் ஊற்றி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன்பின் எழுந்து ஊசித் தேதியையும் மருத்துவர் இறந்த தேதியையும் உரக்கப் படித்தேன்.

"அண்ணி, இங்க வேணாம். எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்கணும்னுதான் மூணு மாசம் காத்திருந்தேன்."

அதன்பின் பெற்றோர் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். இம்கே தன் தோழியிடம் கேக் தட்டை நீட்டினாள். தோழியின் அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"அத்தை, நான் என்ன பண்ணேன்?" என்று இம்கே என்னிடம் கேட்டாள். நான் என் தேநீரைக் குடித்து முடித்தேன். மறுநாள் ஓன்னோ தன் தாயார் வீட்டுக்குப் போய்விட்டார்.

வருத்தம் தெரிவிப்பதாக எழுதட்டுமா என்று இதை எழுதிய காவல் அலுவலர் கேட்டார். யாரிடம் வருத்தம் என்ற இடத்தில் இம்கேயின் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். கெசீனாவின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தவை.

(ஒப்பம்) வீப்கே டாமென்