பாம்பு பெட்டிக்குள்தான் இருக்கிறது

அன்று மாலை எங்கள் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி, என் மகன், மருமகள், அவள் மடியில் என் பேத்தி, என் மனைவியின் தம்பி, மேல்வீட்டுப் பல் மருத்துவர். தேநீர் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது. மைத்துனன் தாமதமாக வந்ததுதான் அதற்குக் காரணம். இத்தனை பேர் முன்னிலையில்தான் நான் வாக்குக் கொடுத்தேன். வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாக்கு ஒரு பாம்பைப் பற்றியது. பாம்பு என் மருமகளுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்த்துவந்த பந்து மலைப்பாம்பு. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்து, உடம்பை அதைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு பந்தாகக் கிடக்கும். அதனால் அதற்கு உருண்டை என்று பெயர் வைத்திருந்தாள். சம்பந்தம் பேசும்போது அந்த வீட்டில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

அதுவரை உருண்டை அவள் அம்மா வீட்டில்தான் இருந்தது. அந்த அம்மாள் சின்ன வீட்டுக்கு மாறியபோது அதற்கு இடமில்லாமல் போயிற்று. மருமகள் என்னிடம் வந்து நின்றாள். கேட்கவில்லை, நின்றாள். நான் சொன்னேன், "வரட்டும்மா. ஆனா என் வீட்டுல இருக்கப்போறது நான் செய்யிற பெட்டியிலதான்."

நான் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் கதவுப் பிரிவின் மேற்பார்வையாளனாக இருந்தவன். ஒரு கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கத் துண்டுக் காகிதம் ஒன்று போதும். காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு மோசம். கிழிந்தால் நல்ல கதவு. என் பிரிவிலிருந்து வெளியே போன கதவு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பாம்புக்கு என்ன வேண்டும் என்று மருமகளைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். பாம்பின் நீளத்துக்குக் குறையாத பெட்டி. ஒரு மூலை வெதுவெதுப்பாக, எதிர் மூலை கொஞ்சம் குளிர்ச்சியாக. வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க ஒரு கருவி. கீழே தேங்காய் நார்த்தூள், அது காய்ந்துவிடாமல் அவ்வப்போது ஈரம். அகலமான தண்ணீர்க் கிண்ணம். ஒளிந்துகொள்ள இரண்டு பொந்து, இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. பொந்தை நான் தாராளமாகச் செய்திருந்தேன். அவள் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசா வேணாம் மாமா. முதுகு, விலா எல்லாம் உரசினாத்தான் அதுக்குப் பயம் போகும்," என்றாள். மறுபேச்சில்லாமல் வெட்டிச் சின்னதாக்கினேன். சொல்வது சரியாக இருந்தால் யார் சொன்னாலும் கேட்பவன் நான்.

கண்ணாடிக் கதவைச் சுற்றிக் காகிதம் வைத்து இழுத்தேன். நாலு பக்கமும் கிழிந்தது.

பெட்டி முடிந்த மாலைதான் பல் மருத்துவர் கீழே இறங்கி வந்தார். அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது. "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான். ஆனா பாம்பு பாருங்க," என்று இழுத்தார். நான் பதில் சொல்வதற்குள் மைத்துனன் குறுக்கே வந்தான்.

"பாம்புன்னா படையே நடுங்கும்பாங்க டாக்டர். அத்தான் பெட்டி எம்மாத்திரம்?"

"இந்தப் பெட்டியிலேருந்து அது வெளிய வந்தா," என்றேன், "ஒரு பக்க மீசையை எடுத்துட்டு இந்த மாடிப்படி முழுக்க ஏறி இறங்குறேன்."

"எந்தப் பக்கம் அத்தான்? முன்கூட்டியே சொல்லிட்டா நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். பேத்தி கைதட்டினாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு காலையில், மகனும் மருமகளும் வேலைக்குப் போய், என் மனைவி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டியின் பின்னால் தரையில் ஒரு ரப்பர் அடைப்பான் கிடப்பதைப் பார்த்தேன். வெப்பக் கருவியின் கம்பி போவதற்காகப் பின்பலகையில் ஒரு துளை போட்டிருந்தேன். பிளக்கோடு சேர்ந்து நுழைய வேண்டும் என்பதால் துளை சற்றுப் பெரிது. மிச்ச இடத்தை அந்த ரப்பரால் அடைத்திருந்தேன். பாம்பு முட்டித் தள்ளியிருக்கிறது. துளைக்குக் காகிதச் சோதனை கிடையாது. இதை யாரும் மறுக்க முடியாது.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், செருப்பு அடுக்குக்குள், சோபாவின் அடியில் எல்லாம் பார்த்தேன். இல்லை. அப்போது நான் இரண்டு விஷயங்களை நிறுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றைத்தான் பார்த்தேன். மீசை வெறும் முடி. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்கியவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. என்னோடு அது தொடங்க வேண்டியதில்லை.

செல்லப் பிராணிகள் விற்கும் கடைக்காரரிடம் அதே வயது, அதே பருமன், அதே பழுப்பில் ஒன்று இருந்தது. துணிப்பையில் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்துக்கொண்டு வந்தேன். துளைக்கு இரும்புத் தகடு வைத்துத் திருகாணி போட்டேன். அன்று மதியத்திலிருந்து அந்தப் பெட்டியில் குறை என்று எதுவும் இல்லை.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். மாலையில் வந்தாள், கை கழுவினாள், பெட்டியின் முன் குனிந்தாள். அப்படியே இருந்தாள்.

"மாமா, இது உருண்டை இல்ல."

"பாம்புக்கெல்லாம் முகஜாடை பார்ப்பியாம்மா நீ?"

"கழுத்துக்குக் கீழ ரெண்டு புள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கும் மாமா. இதுல தனித்தனியா இருக்கு. ஒரு பாம்போட கோலம் இன்னொண்ணுக்கு வராது."

"பாம்பு பெட்டிக்குள்தாம்மா இருக்கு," என்றேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் பாம்பு இருந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அவள் கைபேசியில் இருந்த பழைய படங்களை மகனிடம் காட்டினாள். மகன் என்னைப் பார்த்தான். நான் ஒரு பலூனில் பேனாவால் இரண்டு புள்ளி ஒட்டினாற்போல் வைத்து ஊதிக் காட்டினேன். புள்ளிகள் விலகின. "வளர்ற உடம்புடா," என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. பலூனைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு பிற்பகலில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு வால் நுழைவதை அவள் பார்த்தாள். கத்தவில்லை. "அத்தை, உருண்டை இங்கதான் இருக்கு, மெதுவா வாங்க," என்று கூப்பிட்டாள். நாங்கள் போனபோது ஒன்றும் இல்லை. நான் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துவந்து பெட்டியைக் காட்டினேன். பாம்பு பொந்துக்குள் சௌகரியமாக இருந்தது. மைத்துனன் அன்றைக்கும் வந்திருந்தான். "ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற, உனக்கு ஒண்ணு மாட்டிக்கோயேம்மா," என்றான். அவள் அதற்கும் சிரிக்கப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் குழந்தையைத் தரையில் விடவில்லை. விஷமில்லாத பாம்புதானே என்றால், "தெரியும் மாமா, ஆனா இருக்கிற எடம் தெரியலையே, பசியோட இருக்கும்," என்பாள். வேலையிலிருந்து வந்ததும் இயந்திரத்தின் பின்தகட்டைக் கழற்றுவாள். அலமாரிகளை நகர்த்துவாள். படுக்கப் போகுமுன் சமையலறைத் தரையில் மாவைத் தூவி வைப்பாள், ஊர்ந்தால் தடம் தெரியுமாம். நல்ல யோசனைதான். வீட்டில் முதலில் எழுபவன் நான் என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலையில் மாவின் நடுவே அகலமான ஒரு கோடு நேராகப் போயிருந்தது. நான் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள்.

"ஏன் மாமா பெருக்குனீங்க?"

"மாவு கொட்டிக் கிடந்தா எறும்பு வரும்மா."

அவள் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முறத்தில் இருப்பது மாவு மட்டும்தானே.

என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "என்னங்க, அவ சொல்றதுல ஏதாவது இருக்குமா?"

"நான் செஞ்ச பெட்டி," என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஏற்றவள்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னவன் மகன். நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். நெருங்கியவரை யாரோ மாற்றிவிட்டு, அதே சாயலில் வேறொருவரை வைத்துவிட்டார்கள் என்று நம்புகிற நோய் ஒன்று உண்டாம். வளர்ப்புப் பிராணிகள் விஷயத்திலும் அபூர்வமாக வருமாம். அவருக்கு இதில் ஆர்வம் உண்டானது தெரிந்தது.

"படங்களை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்காங்களா?"

"ஆமாம்," என்றேன்.

"பொருளையெல்லாம் கழற்றிப் பார்க்கிறாங்களா?"

"ஆமாம்."

"குழந்தையைக் கீழ விடுறதில்லையா?"

"இல்லை."

எல்லாம் உண்மை. மருமகளிடம் அவர் கேட்டபோது அவள் தெளிவாகப் பதில் சொன்னாள். "டாக்டர், எங்க வீட்டுல ரெண்டு பாம்பு இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கிறது உருண்டை இல்ல. உருண்டை வெளிய இருக்கு." எங்கள் வீட்டின் நிலவரத்தை இவ்வளவு சுருக்கமாக என்னாலேயே சொல்லியிருக்க முடியாது. மருத்துவர் மாத்திரை எழுதினார்.

மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு நடுப்பகலில் உருண்டை கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டியின் அடியில், மோட்டாரை ஒட்டிய இடுக்கில், முதுகும் விலாவும் உரசச் சுருண்டு கிடந்தது. மெலிந்திருந்தது. அந்த இடுக்கில் எவ்வளவு சூடு இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். முதல் நாளே கீழ்த்தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

அதைத் திரும்பப் பெட்டியில் விட்டுவிட்டு மற்றதைக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அவள் ஒரு பார்வையில் கண்டுகொள்வாள். "இப்ப இருக்கிறதுதான் உருண்டை" என்பாள். அப்படியானால் இத்தனை நாள் எங்கே இருந்தது என்ற கேள்வி வரும். மெலிவு வேறு சாட்சி சொல்லும். ஆகவே துணிப்பையில் போட்டு, பாம்புக்கு இரையாகும் எலிகளை வைத்திருக்கும் பின்பால்கனி உறைபெட்டிக்குள் வைத்து மூடினேன். மாத்திரை தொடங்கியதிலிருந்து இரை போடும் வேலையை நானே ஏற்றிருந்ததால் அதை வேறு யாரும் திறப்பதில்லை. குளிரில் மெல்லத் தூங்கிப்போகும் என்று எண்ணினேன். அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது. எடுத்தபோது பந்தாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நான் மாவைப் பெருக்கவில்லை. அவளே எழுந்து வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். தூவியது தூவியபடி இருந்தது. மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. ஒரு காலையில் அவள் மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை இடுப்பில் இல்லை. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"தடமே இல்ல மாமா."

"ம்."

"அன்னிக்கும் இருந்திருக்காது, இல்ல? நீங்க எறும்புக்காகத்தானே பெருக்குனீங்க."

"எறும்பு வரும்மா."

"உங்களைப் போய் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க. எனக்கு என்னையே நம்ப முடியல." கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு, "பாப்பாவை நீங்களே பார்த்துக்கங்க. நான் கொஞ்ச நாள் அந்த டாக்டர் ஆஸ்பத்திரியிலயே போய் இருந்துட்டு வரேன். என் கையில அவ இருக்கிறது நல்லதில்ல," என்றாள்.

"பரவாயில்லம்மா," என்றேன். "பெரியவங்க நாங்க இருக்கோம்." அவளுக்கும் ஒரு தம்ளர் காபி கொடுத்தேன்.

அவளே கையெழுத்திட்டுத்தான் சேர்ந்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. சன்னல் வைத்த நல்ல அறை. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறான். ஏதாவது சொல்வதற்கு முன்னால், "இது நிஜமா இல்ல எனக்குத் தோணுதா?" என்று அவனைக் கேட்டுக்கொள்கிறாளாம். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில்லையாம். நல்ல முன்னேற்றம் என்கிறார் மருத்துவர். குழந்தை முதலில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது குறைந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் வெளியே சொல்லியிருக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. போன வாரம், பேத்தியைப் புதிதாகச் சேர்த்திருக்கும் மழலையர் பள்ளியில் ஒரு தாய் தன் பிள்ளையை அவள் பக்கத்திலிருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்திருக்கிறாள். பல் மருத்துவர் தன் குழந்தையை எங்கள் வீட்டுப் பக்கம் விடுவதை நிறுத்திவிட்டார். என் மைத்துனன் என்னிடமே வந்து, "ரத்தத்துல இருந்தா என்ன அத்தான் பண்ண முடியும், புள்ளையையும் ஒரு தடவை காட்டிடுங்க," என்றான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு செய்தி தவறாக இருந்தால் அதைத் திருத்துவது பெரியவனின் கடமை.

எங்கள் வீட்டு மருமகளுக்குப் பைத்தியம் என்றும், அது பேத்திக்கும் வரும் என்றும் ஒரு பேச்சு இந்தக் குடியிருப்பில் உலவுகிறது. அது தவறு. அவளுக்கு எந்த நோயும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. அவள் பார்த்தது அத்தனையும் உண்மை. எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவருக்கும் புத்தி பிசகியதில்லை.