பச்சைப் புள்ளிகள் போன பக்கம்

பிற்பகல் மூன்று மணி. காக்கைகூட இல்லாத சாலை... என் சிநேகிதனின் மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடினான். கையில் ஒரு குப்பி. அதற்குள் அவன் மகளின் கட்டியிலிருந்து வெட்டிய சதை. மிளகளவு. இன்னும் உயிருள்ளது.

சிரிக்காதீர்கள். படித்தவன் பேச்சை நான் பாதிகூட நம்பமாட்டேன். ஆனால் இவன் சொல்லும்போது எனக்குப் பல் கிட்டிப் போயிற்று.

அவன் வேலையே அதுதான். உயிர்ச் சதையை உடம்புச் சூட்டில் வைத்து, பெரிய மைக்ராஸ்கோப்பில் படம் பிடிப்பது. நோயோடு சண்டை போடும் அணுக்கள் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். சதையின் நார் நீலம். புது மருந்தை விட்டதும் பச்சைப் புள்ளிகள் கட்டியின் அணுக்கள் பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் பிள்ளைக்கு அந்த மருந்து. இல்லையென்றால் கைவிரித்துவிடுவார்கள். ஆறு மணி வரைதான் கெடு.

நான்கு மணி... ஐந்து... ஒன்றும் நகரவில்லை. மெஷின் விசிறி மட்டும் ங்ங்ங் என்று.

கூட இருந்து பார்த்த டாக்டரம்மா வெளியே போன நேரம், அவன் சதை வைத்த தட்டை மயிரிழை தள்ளிவிட்டான்.

அந்த அம்மா வந்து திரையைப் பார்த்தார். "நாரும் சேர்ந்து நகருதே. யாருக்குய்யா காது குத்துற?"

"என் புள்ளம்மா..."

அவர் தட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்திவைத்தார்.

ஐந்தே முக்கால். ஒரு புள்ளி அசைந்தது. பிறகு மூன்று. பிறகு மொத்தமும்.

"நான் தொடலம்மா! சத்தியமா தொடல!"

நார் அசையாமல் நின்றது. "ஓடு! அந்த மருந்தையே ஏத்தச் சொல்லு!" என்று கத்தினார் டாக்டரம்மா.

அவன் கதவுக்குப் பாய்ந்தான்.

"நில்லு..."

பச்சைப் புள்ளிகள் கட்டியின் அணுக்கள் பக்கம் போகவில்லை. மொத்தமும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. "ஜன்னல்கிட்ட போ," என்றார் மெல்ல. போனான். எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பின.

போன் அடித்தது. அவன் பெண்டாட்டி.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? அஞ்சே முக்காலுக்கே போயிட்டாய்யா... உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா..."

இப்போது அந்த அறைக்குள் அவனை விடுவதில்லை. எவர் சதையை வைத்தாலும் பச்சை அவன் பக்கம் போகிறதாம். சரியாக அவன் பக்கம்கூட இல்லை... அவன் இடது கைக்கு ஒரு முழம் தள்ளி.

நேற்று என் வீட்டுக்கு வந்தான். தனியாகத்தான். உள்ளே நுழைந்தவன், கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

சின்னக் கால்கள் வாசற்படி ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்.

பிறகுதான் சாத்தினான்.