கட்டிலுக்குக் கீழே தமிழ்த் தட்டு

வெளிநாட்டு ஊரான ஊன்ட்றொப்பின் அம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், என் எதிர் இருக்கையில் இருந்த அக்கா ஒருவர் பக்கத்து இளம் பெண்ணிடம் சொன்னார்: "எங்கட ஊர் நூலகத்துத் தமிழ்ப் புத்தகம் முழுக்க என்ர கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு."

"ஏனக்கா?"

"நூலகம் இனி நகரசபைக்குக் கீழ இல்லையாம். தனி நிர்வாகமாம். ஆரும் எடுக்காத புத்தகங்களை அவை கழிச்சுப்போடுவினம் எண்டு கேள்விப்பட்டன். அதுதான் எங்கட வீட்டு நாலு நூலகக் கார்டிலயும் அவ்வளவையும் எடுத்தனான்."

"நல்ல வேலைதானே."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

அக்காவின் மடியில் அர்ச்சனைச் சாமான் பை. அதன் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தன். புது நிர்வாகத்து ஆக்கள் வந்து பார்த்தவையாம். தமிழ்ப் புத்தகத் தட்டு வெறுமையாக் கிடந்ததாம். தேவையில்லை எண்டு கழட்டிப்போட்டு, அந்த இடத்தில கோப்பி மெஷின் வைச்சிருக்கினம்."

இளம் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னெண்டு சொல்லுறது? வெறுமையாக்கினது நான்தான் எண்டோ?"

"எப்ப திருப்பிக் குடுக்க வேணும்?"

"வியாழக்கிழமை. குடுத்தால் வைக்கத் தட்டில்லை. நேர குப்பைக்குத்தான் போகும்."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

கோயில் தரிப்பிடம் வந்துவிட்டது. எழுந்த அக்கா, ஆட்கள் இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்று குரலைத் தணித்தார்.

"நான் திருப்பிக் குடுத்த கையோட எடுக்க, உம்மட பிள்ளையளிட்ட நூலகக் கார்ட் இருக்கோ?"